அறுக்க ஒரு தாலி

அன்னப்பிள்ளை கொண்டுவந்த தட்டத்தில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. மற்றது, நகைப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு தாலிக்கொடி. இரண்டையும் ஒரே தட்டத்தில் வைத்து, பாமன்கடையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரிக்‌ஷாவில் ஏறி வர அந்த மனுசிக்கு மனம் வந்ததே, அதைச் சொல்லுங்கள்.

"நாளைக்கு விடிய இதைக் கழுத்தில போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வா பிள்ளை," என்றாள் அன்னப்பிள்ளை. "அந்தியேட்டிக் கிரியை முடியேக்கை கழட்டி என்ர மகன்ர படத்துக்கு முன்னால வைப்பம். பிறகு சேலையை மாத்து."

பாக்கியலெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அடிவயிற்றிலிருந்து ஓங்காளம் வந்தது. அவளுடைய கழுத்தில் ஒருநாளும் தாலி ஏறியதில்லை. ஏறாத தாலியை எப்படி அறுப்பது? அந்தக் குறை தீரத்தான் மாமியார் ஒரு தாலியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள். விடிய ஏற்றி, கிரியை முடிய இறக்க!

இப்படியும் ஒரு கேவலம் நடக்குமா என்று கேட்பவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருஷங்கள் இருந்த காலம். பாக்கியலெட்சுமி மெற்றிக்குலேஷன் சோதினையில் முதலாம் பிரிவில் தேறியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெரிய ரீச்சர் வீடு தேடி வந்து, இந்தப் பிள்ளையை டொக்டருக்குப் படிக்க விடுங்கள் என்று தகப்பன் நாகேந்திரத்திடம் மன்றாடினாள். கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்த நாகேந்திரம், ரீச்சருக்குத் தேத்தண்ணியும் விசுக்கோத்தும் கொடுத்து, யோசிப்போம் என்று மரியாதையாக அனுப்பிவைத்தார். அவள் படலையைத் தாண்டியதும் மகளைக் கூப்பிட்டு யோசித்து முடித்துவிட்டார். டொக்டரான பொம்பிளைக்கு எவன் மாப்பிள்ளையாக வருவான்? டொக்டர் மாப்பிள்ளை எடுத்தால் போதாதா?

"டொக்டரின்ர பெஞ்சாதியும் டொக்டரம்மாதான்," என்றார். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவரே சிரித்தும்கொண்டார்.

அவர் பிடித்துவந்த டொக்டர் குலசேகரம். டொக்டர் என்பது வாய்க்கு ருசியாக இருப்பதற்காகச் சொன்னது. பையன் இங்கே சோதினையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவன். ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினால் பாஸ் பண்ணிவிடுவான் என்று தாய் அன்னப்பிள்ளை சொன்னாள். கடல் தாண்டினால் மூளை வளரும் என்பது அந்த நாளில் கொழும்புத் தமிழர்களிடம் அசையாத நம்பிக்கை. கப்பல் செலவும் படிப்புச் செலவும் பெண் வீட்டார் பொறுப்பு. அதற்கு மேலே பாமன்கடையில் நாகேந்திரம் கட்டிய வீடு சீதனம். மகன் கப்பலேறும் முன்பே அன்னப்பிள்ளை பாய் தலையணையோடு அந்த வீட்டில் குடியேறிவிட்டாள்.

இதில் ஒரு பயம் மட்டும் நாகேந்திரத்தை அரித்தது. சீமைக்குப் போகிற பையன்கள் சும்மா வருவார்களா? ஒரு வெள்ளைக்காரியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினால்? அதற்கும் ஊரில் வழி இருந்தது. போகும் முன்பே எழுத்து எழுதிவிடுவது. றெஜிஸ்தார் முன்னால் ஒரு கையெழுத்து, மூக்கணாங்கயிறு மாதிரி. பிறகு பையன் உலகத்தின் எந்த மூலையிலும் மேயட்டும். கப்பல் ஆடி மாசத்தில் புறப்பட்டதால் தாலி கட்ட நாள் வாய்க்கவில்லை. அதற்கென்ன, பொன்னுருக்கித் தாலி செய்து பெட்டியில் வைத்துவிட்டார்கள். பட்டத்தோடு வந்து கட்டுவான்.

ஆக, பாக்கியலெட்சுமி சட்டத்துக்குப் பெண்சாதி, ஊருக்குக் குமர்ப்பெண். மாப்பிள்ளையை அவள் இரண்டு தடவைதான் கண்டாள். எழுத்தன்று ஒரு தடவை, கப்பலடியில் ஒரு தடவை. கப்பலடியில் அவன் அவளோடு கதைத்ததே எலும்புப் பெட்டியைப் பற்றித்தான். மெடிக்கல் பையன்கள் படிப்பதற்கு வைத்திருக்கும் மனுச எலும்புகள். செத்தவனுடைய எலும்பை வீட்டுக்குள் விடமாட்டேன், தீட்டு என்று தாய் நிற்கிறாள், நீ வைத்துக்கொள்வாயா என்று கேட்டான். பாவம், அவன் கெட்டவனில்லை. சோதினைக்குப் பயந்தவன், தாய்க்கு அதைவிடப் பயந்தவன்.

அவள் அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்து, அவன் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு எலும்பாக எடுத்துப் பெயர் படித்தாள். தங்கச்சி புவனம் பக்கத்தில் இருந்து பிழை திருத்துவாள். அக்கம்பக்கத்தார் அவளை டொக்டரம்மா என்று பகிடி பண்ணுவார்கள். நாகேந்திரத்துக்கு அதைக் கேட்கக் கேட்க உச்சி குளிரும்.

இரண்டாவது மாரிக்குள் ஸ்கொட்லாந்திலிருந்து தந்தி வந்தது. நிமோனியா. புதைத்துவிட்டார்கள். சாம்பல்கூட வரவில்லை.

இப்போது முன்னறைக்குத் திரும்புவோம். தட்டம் மேசையில் இருக்கிறது. குசினிக் கதவோரம் பாக்கியலெட்சுமியின் தாய் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுகிறாள். அந்த வீட்டில் அவளுடைய பேச்சு அழுகையைத் தாண்டிப் போனதில்லை. நாகேந்திரம் கதிரையில் குனிந்தபடி இருக்கிறார். அன்னப்பிள்ளை மூக்கைச் சிந்தியபடி காரணம் சொன்னாள். கலியாணமாகாமல் போனவனுக்குக் கிரியை முழுமையில்லையாம். தாலி அறுக்க ஒருத்தி இல்லாவிட்டால் அவன் ஆவி அலையுமாம்.

பெற்ற வயிறு எரிகிறது, அது பொய்யில்லை. ஆனால் எரிகிற வயிற்றுக்குப் பக்கத்தில் கணக்குப் பார்க்கிற மூளையும் இருந்தது. கிரியை முடிந்த கையோடு மருமகள் தங்களோடு பாமன்கடைக்கு வந்துவிட வேண்டும் என்றாள். பிள்ளைக்கு ஒரு மூலையும் ஒரு நேரச் சோறும் தாங்கள் கொடுப்பதாகவும் சொன்னாள். யாருடைய வீட்டில் யாருக்கு மூலை! அறுத்தவள் புருஷன் வீட்டில் இருக்கும் மட்டும் சீதன வீட்டைத் திருப்பிக் கேட்க எவனுக்கும் நாக்கு வராது. அதற்காக இருபது வயதுப் பெண்ணொருத்தி சாகும் மட்டும் வெள்ளைச் சேலையோடு அந்த வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டும். சீ, என்ன சென்மங்கள்!

பாக்கியலெட்சுமி தகப்பனைப் பார்த்தாள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், தட்டம் வந்த வழியே போய்விடும்.

"மாட்டன் எண்டு சொல்லாதை மோனை," என்றார் நாகேந்திரம் நிலத்தைப் பார்த்தபடி. "எழுத்து எழுதினது எழுதினதுதான். நீ முரண்டு பிடிச்சா நாளைக்குப் புவனத்தை ஆர் எடுப்பான்? ஒரு நாள் கூத்துத்தானே. போட்டுக் கழட்டிவிடு."

ஒரு நாள் கூத்து. தகப்பன் சொல்கிற சொல்லா இது? அவள் அந்த மனிசனை உள்ளூர எவ்வளவோ மன்னித்திருந்தாள். ரீச்சரை அனுப்பிவிட்டதை மன்னித்தாள், எழுத்தை மன்னித்தாள். இதை மன்னிக்க அவளிடம் மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

அவள் மேசையடிக்குப் போனாள். அன்னப்பிள்ளை அவசரமாகப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இதை ஆர் கட்டுறது, மாமி?"

அன்னப்பிள்ளை இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, தானே கட்டிவிடுவதாகச் சொன்னாள். பெற்ற தாய்தானே, மகனுக்குப் பதிலாகக் கட்டினால் குற்றமில்லை என்று ஐயரிடமும் கேட்டிருந்தாளாம்.

"அப்ப நீங்கள்தான் எனக்குப் புருஷன்," என்றாள் பாக்கியலெட்சுமி, குரல் உயர்த்தாமல். "நீங்கள் உயிரோட இருக்கிறியள். கல்லு மாதிரி இருக்கிறியள். நீங்கள் இருக்க நான் ஏன் தாலியறுக்க வேணும்?"

குசினிக் கதவோரம் அழுகை நின்றுவிட்டது. அன்னப்பிள்ளை தட்டத்தைத் தூக்கிக்கொண்டு படலை வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். படிப்பித்த பெட்டைகளின் வாய்க் கொழுப்பு, மகனை விழுங்கிய மூதேவி, இன்னும் பல.

நாகேந்திரம் சில கிழமைகள் மகளோடு கதைக்கவில்லை. கதைத்த அன்று சொன்னது இவ்வளவுதான்: "இனி உன்னை எவன் எடுக்கப்போறான். போய் அந்த டொக்டர் படிப்பையே படி."

கேட்டீர்களா நியாயத்தை? முதலாம் பிரிவில் தேறியபோது கிடைக்காத அனுமதி, கலியாணச் சந்தையில் விலைபோகாதவள் ஆனதும் கிடைத்துவிட்டது. பெண்ணுக்குப் படிப்பு என்றால் உடைந்த சட்டிக்கு அடைக்கிற மண். ஆனாலும் அவள் வீம்பு பார்க்கவில்லை. ரீச்சரிடம் ஓடினாள். புகுமுகச் சோதினை எழுதினாள். கட்டிலுக்கடியில் இருந்த எலும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னேரம் பின்னேரம் பிணம் வெட்டிப் படிக்கும் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

பாமன்கடை வீடு மட்டும் திரும்பவில்லை. நாகேந்திரம் கேட்கவுமில்லை. சம்பந்தி வீட்டாரைக் கோவிலில் கண்டால் கும்பிடுவார், அவர்களும் கும்பிடுவார்கள். இப்படிக் கும்பிட்டுக் கும்பிட்டு ஒரு நாள் புதுச் சம்பந்தம் முளைத்துவிட்டது.

அன்றைக்குக் கல்லூரியிலிருந்து வந்த பாக்கியலெட்சுமி படலையடியில் ரிக்‌ஷா நிற்பதைக் கண்டாள். முன்னறைக்குள் அன்னப்பிள்ளை. மேசையில் தட்டம். இந்தத் தடவை வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு கூறைச் சேலை. நடுவில் அதே நகைப் பெட்டி. நாகேந்திரத்தின் முகம் மலர்ந்து கிடந்தது. புவனம் சுவரோடு சுவராக நின்றாள், அழுது முடிந்த கண்களோடு.

விஷயம் சிக்கலில்லாதது. அன்னப்பிள்ளையின் இளைய மகன் தனபாலனும் டொக்டருக்குப் படிக்கிறான். அவனும் இங்கே கோட்டை விட்டுவிட்டான். அவனும் ஸ்கொட்லாந்துக்குப் போக வேண்டும். புவனத்துக்கு எழுத்து எழுதினால் பாமன்கடை வீட்டுப் பிரச்சினையும் வீட்டுக்குள்ளேயே தீரும். இந்தத் தடவை தாலியும் கட்டிவிட்டே கப்பலேறுவான், இனி அந்தப் பிழை விடமாட்டோம் என்று அன்னப்பிள்ளை பெரிய மனம் பண்ணிச் சொன்னாளாம்.

"அக்காவுக்கு அறுக்கக் கொண்டந்த தாலியெல்லே இது," என்றாள் புவனம், மெல்ல.

"அதுக்கென்ன பிள்ளை. ஒருத்தற்ற கழுத்திலையும் ஏறேல்லை," என்றாள் அன்னப்பிள்ளை. "புதுசு மாதிரித்தான் கிடக்கு."

நாகேந்திரம் ஓம், ஓம், நல்ல பொன் என்று தலையாட்டினார்.

பாக்கியலெட்சுமிக்குப் பழைய ஓங்காளம் வந்தது. வகுப்பில் அழுகிப்போனவற்றைத் தொட்டுப் பழகியவளுக்கு அங்கே ஒரு நாளும் இப்படிக் குமட்டியதில்லை. சண்டை பிடித்தால் தகப்பன் கத்துவார், தாய் அழுவாள், எழுத்து மட்டும் நடந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் புத்தகங்களைக் கதிரையில் வைத்துவிட்டு மேசையடிக்கு வந்தாள். அவளுடைய சேலையில் இருந்த மருந்து நெடி அன்னப்பிள்ளையின் மூக்கில் ஏறியது.

"இதென்ன மணம்?" என்று அன்னப்பிள்ளை மூக்கைப் பொத்தினாள்.

"பிணம் வெட்டிப்போட்டு வாறன், மாமி."

சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, தாலியை விரலால் தடவி, கொடியின் நீளம் முழுவதையும் உள்ளங்கைக்குள் உருட்டிப் பார்த்தாள். அன்னப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பி, வேண்டாம் வை, வை என்று கையை ஆட்டினாள். பக்கத்தில் வந்து பறிக்கத்தான் துணியவில்லை. பாக்கியலெட்சுமி ஆறுதலாகத் தாலியைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அவள் பக்கம் தள்ளினாள்.

"இந்தாங்கோ. இனிக் கொண்டுபோய் உங்கட மகனைக் கட்டச் சொல்லுங்கோ."

அன்னப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. ஒரு பெண்ணின் கழுத்தில் செத்தவனுக்காக அதே தாலியை மாட்ட வந்த அன்று அவளுக்கு ஒரு சகுனமும் தெரியவில்லை. இன்றைக்கு, கையில் மிஞ்சிய ஒரே மகனின் உயிர் அந்தப் பெட்டிக்குள் கிடந்து துடிப்பது தெரிந்தது. பிணம் தொட்ட கை பட்ட தாலி. வேறு தாலி செய்தாலும் இந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது, சகுனம் சரியில்லை அண்ணை என்று நாகேந்திரத்துக்குச் சொன்னாள். பெட்டியைக் கையால் தொடாமல், ஒரு வாழையிலைத் துண்டு கேட்டு வாங்கி அதில் சுற்றி எடுத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

நாகேந்திரம் மகளைப் பார்த்த பார்வையில் ஊரில் உள்ள அத்தனை சாபமும் இருந்தது. புவனம் அக்காவின் அருகில் வந்து அவளுடைய கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

சவுக்கார வாசம். முழங்கை வரைக்கும் கார்பொலிக் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பாக்கியலெட்சுமி கல்லூரியிலிருந்து பஸ் ஏறியிருந்தாள். மாமி அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.