டிராகனுக்கு வந்த குறட்டை

என் குறட்டைக்கு இந்த வட்டாரத்தில் ஒரு மரியாதை உண்டு. நான் கண்ணயர்ந்தால் அலமாரித் தட்டுகள் தாமாகவே அடுக்கு மாறும். மாடிவீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்து, குடும்பத்தோடு தெருவுக்கே இறங்கிவிட்டார். ஓய்வு பெற்றபின் இந்தத் திறமை வீணாகிறதே என்றிருந்தேன். மருமகள்தான் கைகொடுத்தாள். அவள் செய்யும் கணினி விளையாட்டில் ஒரு தூங்குமூஞ்சி டிராகன் வருகிறது. அதற்காக என் மதியத் தூக்கத்தை ஒரு மூச்சு விடாமல் பதிவு செய்துகொண்டாள்.

விளையாட்டு அன்று மாலைக்குள் வேறு ஊரிலிருக்கும் அவளுடைய கூட்டாளிக்குப் போயாக வேண்டும். இருவரும் செய்கிற வேலையெல்லாம் 'கிட்' என்ற பொதுப் பெட்டகத்தில் பதிவாகும். எதை எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் அப்படியே நிற்கும். மருமகள் அவசரத்தில் 'எல்லாம்' என்று பொருள்படும் ஒரு புள்ளியைத் தட்டி, இருந்த கோப்புகளை ஒட்டுமொத்தமாக அள்ளி, 'கமிட்' என்று ஒரே பதிவாக முடிச்சுப் போட்டு அனுப்பினாள். பெட்டகம் வாங்க மறுத்துவிட்டது.

"என்னம்மா?"

"ஒரு ஃபைல் ரொம்பப் பெருசாம் மாமா. உள்ள விடமாட்டேங்குது."

"எது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "நான் இத்தன வருஷமா சொன்னேன். இப்ப மெஷினும் சொல்லுது."

மருமகள் குறட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு கமிட் போட்டு அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது.

"அதான் எடுத்துட்டியேம்மா?"

"முதல் கமிட்ல நீங்க இருக்கீங்களே மாமா. பழசு எதையும் அது மறக்காது."

"உங்க அத்தை மாதிரின்னு சொல்லு."

"காதுல விழுது," என்றது உள்ளறை.

கூட்டாளி போனில் வந்தான். "விடுங்கக்கா. பூனை கொட்டாவி விடுற சத்தம் ஒண்ணு வெச்சிருக்கேன். சின்ன ஃபைல். அதையே போட்டுடலாம்."

என் இடத்துக்குப் பூனையாம். அதுவும் கொட்டாவியாம். நான் மருமகளின் நாற்காலியைச் சுற்றிச்சுற்றி வந்ததில் தரையே தேய்ந்துவிட்டது.

அவள் பதறவில்லை. வேலை எதுவும் கலையாமல் இரண்டு கமிட்டையும் அவிழ்த்தாள். பிறகு ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தாள். படங்கள் ஏறின, வண்ணங்கள் ஏறின. நான் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் திரையின் அடியில் கிடந்தேன்.

"உங்களத் தனிக் கிடங்குக்கு அனுப்பறேன் மாமா. பெட்டகத்துல உங்க விலாசம் மட்டும் இருக்கும். கூப்பிட்டா நீங்க வருவீங்க."

"சாப்பிடக் கூப்பிட்டா வருவாரு," என்றாள் மனைவி.

இந்த முறை பெட்டகம் வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் மறுபடி போன்.

"டிராகன் வாயத் திறக்குதுக்கா, சத்தத்தக் காணோம். ஃபைலத் திறந்தா ஏதோ ரெண்டு மூணு வரிதான் இருக்கு. பேசாம பூனையையே..."

"அது விலாசம்டா. பெரிய ஃபைலக் கொண்டுவர சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதப் போடு."

போட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜை ஓரத்தில் நின்றேன். திடீரென ஸ்பீக்கரில் டிராகன் தூங்கியது. போன் மேஜையில் நாலடி நகர்ந்தது. காபி டம்ளர் நடுங்கியது. ஊர்க் காக்கைகள் கூண்டோடு கிளம்பிவிட்டன.

உள்ளறையிலிருந்து, துணியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், என் மனைவி குரல் கொடுத்தாள்:

"ஏங்க, ஒருக்களிச்சுப் படுங்க."

போனில் குறட்டை நின்றது.

"சரிக்கா," என்றான் கூட்டாளி. "பூனை வேணாம்."