தலைவர் பார்த்த பேய்

எங்கள் ஊருக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்ததற்குக் காரணம் ஒரு பேய். தையல்காரர் வீட்டில், சாத்திய கதவுக்குள் மெஷின் தானாக ஓடுகிறது என்று யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். மனைவி இறந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தைப்பது அவர் வழக்கம் என்று ஊருக்கே தெரியும். கேமராவைப் பார்த்ததும் எல்லோருக்கும் அது மறந்துவிட்டது.

ஊராட்சித் தலைவர் புதுச்சட்டை போட்டு வந்து முதல் பேட்டி கொடுத்தார். "செத்துப்போன அவர் சம்சாரத்தை நானே ரெண்டு தடவை பார்த்தேன். நீல உடுப்புல, கிணத்தடியில நின்னாங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரர் முன்னால் வந்தார்.

"நிஜமாவா தலைவரே? மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன், என் கண்ணுல படவே இல்லையே. இளைச்சிருக்காளா?"

தலைவர் கேமராவைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இல்லப்பா, நல்லாத்தான் இருந்தாங்க."

"நீலத்துல நான் அவளுக்கு ஒண்ணுமே தைக்கலையே." தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அங்க வேற எவனோ தைச்சுக் குடுக்கறான்."

சிரிக்க வாய் திறந்த கூட்டம் அவர் முகத்தைப் பார்த்து அடங்கியது.

"அடுத்த தடவை பார்த்தா, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்லுங்க தலைவரே."

பொய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். விளக்கு அணையவில்லை.

"சொல்றேன்" என்றார் தலைவர்.

நிகழ்ச்சி ஒளிபரப்பாகி, ஊரும் அதை மறந்துவிட்டது. தலைவர் மட்டும் தினமும் வீட்டின் பின்வாசல் வழியாக அலுவலகம் போகிறார். அலுவலக வாசல் பெஞ்சில், கழுத்தில் இஞ்ச் டேப்போடு, தையல்காரர் அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சொன்னீங்களா?"