தென்கடல் இல்லாத போன்

முதலாளி ராமசுப்பிரமணியன் தன் கம்ப்யூட்டர் திரையைச் சபியாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"நல்லாப் பாரும்மா. வடகடல் அமைதி. தென்கடல், கச்சான் காத்து பலம், இறங்காதீங்க. செவப்புல பெருசாப் போட்டிருக்கு. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

சபியா தன் போனை எடுத்து அந்தத் திரையை ஒட்டிப் பிடித்தாள். அதே தள முகவரிதான். 'இன்றைய காற்று: கடல் அமைதி.' அதற்குக் கீழே பாதித் திரைக்கு ஒரு படகு இன்ஜின் விளம்பரம். வேறொன்றும் இல்லை.

"இதையும் பாருங்க சார்."

"போன் சின்னது. எல்லாத்தையும் அதுல திணிக்க முடியுமா?"

முந்தாநாள் அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் ரிஃபாயின் வள்ளம் கரைப்பாறையில் அடித்துப் பிளந்தது. கூடப் போன முனீஸ்வரன் அவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. வள்ளம் அடுப்புக்குத்தான் ஆகும். நேற்று அவனை ஆஸ்பத்திரியில் பார்த்து அழ ஆரம்பித்த சபியா, இன்று அழுதுகொண்டேதான் வேலைக்கு ராமநாதபுரம் பஸ் ஏறினாள். பாம்பன் பாலம் தாண்டும்போது அழுகை நின்றது. மண்டபம் தாண்டும்போது கோபம் ஏற ஆரம்பித்தது.

'கடல்வாசல்' என்ற அந்தத் தளத்தைக் கட்டியவளே அவள்தான். காற்று, அலை, மழை என்று தகவல் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். அடியில் ஓடும் ஒரே நிரல், ஃப்ரேம்வொர்க், அதை எடுத்து இரண்டு விதமாகப் பரிமாறும். வருவது போனா கம்ப்யூட்டரா என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு, போனுக்கு ஒடுங்கிய பக்கத்தையும் கம்ப்யூட்டருக்கு அகன்ற பக்கத்தையும் கொடுக்கும். இரண்டு பக்கத்திலும் இரண்டு கடலையும் அவள் வைத்திருந்தாள். பெருநாள் லீவில் அவள் வீட்டில் இருந்தபோது, ராமசுப்பிரமணியன் போன் பக்கத்தில் கையை வைத்தார். இன்ஜின் டீலர் விளம்பரத்துக்கு இடம் கேட்டிருந்தார். இவர் தென்கடல் வரியையும், வடகடல் என்ற தலைப்பையும் வெட்டினார். வெறும் 'கடல்' மிஞ்சியது.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்; ஆனால் அங்கே யாரும் எந்தக் கடல் என்று பெயர் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. நிற்கிற கரைக்கு எதிரே கிடப்பதுதான் கடல். ரிஃபாய் தென்கரையில் நின்று 'கடல் அமைதி' என்று படித்தான். வேறு எந்தக் கடல் என்று நினைப்பான்? ஆடி மாதக் கச்சான் காற்று அவனுக்குப் புதிதல்ல. ஆனால் காலையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, போனும் அதையே சொன்னது, வலையை ஏற்றிவிட்டான்.

"டீலர் யாருக்காக விளம்பரம் போடுறாரு?" என்றார் ராமசுப்பிரமணியன். "கம்ப்யூட்டர்ல பாக்குறவனா இன்ஜின் வாங்குவான்? போன்ல பாக்குறவன்தான் வாங்குவான்."

"அப்ப காத்து யாருக்கு சார்? கம்ப்யூட்டர்ல பாக்குறவனா கடலுக்குப் போறான்?"

அவர் டீயை எடுத்து உறிஞ்சினார்.

"இன்னைக்கும் தென்கடல்ல காத்து இருக்கு. மத்தியானத்துக்கு மேல வள்ளமெல்லாம் இறங்கும். பாஸ்வேர்டக் குடுங்க, ரெண்டு வரி, நானே ஏத்திடுறேன்."

"திங்கக்கெழம டீலர்ட்ட ஒரு வார்த்த பேசிட்டுச் செய்வோம். நீ போயி அந்த லாட்ஜ் வேலையப் பாரு. ஒன் அண்ணனுக்கு நடந்தது வருத்தம்தான், நான் இல்லைங்கல."

சர்வரில் எதையும் ஏற்றுகிற பாஸ்வேர்டு அவரிடம் மட்டுமே இருந்தது. சபியா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். உம்மா கருவாட்டுக் கூடை சுமந்து படிக்கவைத்த படிப்பு இது. அந்தப் படிப்பால் அவள் கட்டிய பக்கம்தான் காக்காவைப் பாறையில் கொண்டுபோய் அடித்தது. மேசையில் இருந்த டீ டம்ளரை எடுத்துச் சுவரில் எறியலாம் என்று கை பரபரத்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டாள்.

லாட்ஜ் தளம் போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் திறந்தாள். மேலே ஓரத்தில் மூன்று புள்ளி. அதில்தான் பார்வை நின்றது. வாசலில் ஃப்ரேம்வொர்க் கேட்கும், நீ போனா கம்ப்யூட்டரா என்று. சொன்னதை அப்படியே நம்பும். அவள் எழுதியது அவளுக்குத் தெரியாதா.

மாடிப்படிக்கு வந்து போன் போட்டாள்.

"காக்கா, எங்கன இருக்கீங்க?"

"கரையில. வீட்ல இருந்தா உம்மா கஞ்சி ஊத்தியே கொன்னுரும்."

"வள்ளம் எறக்குறாங்களா?"

"வலைய ஏத்திக்கிட்டு இருக்கானுக. வேணாம்டான்னேன். கை ஒடிஞ்சவன் பேச்சக் கேட்டா ஒலை கொதிக்குமாங்குறான் முனீஸ்வரன். போன்ல அமைதின்னு போட்டிருக்காம்."

"அது பொய்யி."

"ஒன் கம்பெனி போடுறதுதானே புள்ள?"

சபியா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"முனீஸ்வரன் போன வாங்குங்க. அந்தப் பக்கத்தத் தொறந்து, மேல மூணு புள்ளி இருக்கும், அத அமுக்குங்க. டெஸ்க்டாப் சைட்டுன்னு இருக்கா? அதுல டிக் போடுங்க."

கரையில் வலை இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள்.

"எழுத்தெல்லாம் எறும்பு கணக்கா வந்துருச்சு."

"ரெண்டு வெரல வச்சு விரிங்க."

"ஒரு கைதான இருக்கு, அதுலதான் அவன் போன். என்னது தோள்ல இடுக்கியிருக்கு."

"அப்ப முனீஸ்வரன் வெரலக் கடன் வாங்குங்க."

சிரிப்பு கேட்டது. பிறகு முனீஸ்வரனின் குரல் எழுத்துக்கூட்டியது. தென்கடல். கச்சான் காத்து பலம். இறங்காதீங்க. சிரிப்பு நின்றது.

"எந்த நாயிடா இத மறைச்சு வச்சது?" என்றான் முனீஸ்வரன். ரிஃபாயின் போனை அவனே பிடுங்கிக்கொண்டான். "தங்கச்சி, ஒங்க ஆபீசு ராம்நாட்ல எங்கன இருக்கு?"

சபியா சொன்னாள். அடையாளத்துக்கு மருந்துக்கடையையும் சேர்த்துச் சொன்னாள்.

ராமசுப்பிரமணியன் சாயங்காலம் தளத்தின் வருகைக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"என்னம்மா இது? போன் கணக்கு அப்படியே படுத்துருச்சு. ராமேஸ்வரம் பக்கம் திடீர்னு இத்தன கம்ப்யூட்டர் எப்படி மொளைச்சுச்சு?"

"எல்லாம் கரையில இருக்குற போன்தான் சார். கம்ப்யூட்டர்னு பொய் சொல்லுது. போன்னு உண்மையச் சொன்னா நீங்க கடலக் காட்ட மாட்டேங்குறீங்களே."

"கம்ப்யூட்டர் பக்கத்துல விளம்பரம் கெடையாதே. டீலருக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ நாளைக்கு வேலைக்கு வரவேணாம்."

"சரி சார்." டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னைக்குத் தென்கரையில ஒரு வள்ளமும் எறங்கல. வள்ளக்காரங்களுக்கு வேற வேலையும் இல்ல. வேன் புடிச்சுக் கெளம்பிட்டாங்க. பாலம் தாண்டிட்டதா இப்பத்தான் காக்கா சொன்னாரு."

"எங்க கெளம்பிட்டாங்க?"

"இங்கனதான்."

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். கீழே மருந்துக்கடையும் ஆட்டோக்களும்தான் தெரிந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தார். தப்பு என்றது. மறுபடி அடித்தார். சபியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"தலைப்பையும் சேத்துப் போடுங்க," என்றாள். "வடகடல்னு தனியா, தென்கடல்னு தனியா. விளம்பரத்துக்கு மேல."