மொரேனா ஒளித்த கன்று

காலையில் எங்கள் பசு மொரேனா வேலியோரம் வந்து நின்றபோது வயிறு ஒட்டிப் போயிருந்தது. பின்புறம் ரத்தக்கறை. கன்றைத்தான் காணோம். ராத்திரியே ஈன்று, எங்கேயோ செடிகளுக்கு நடுவில் படுக்க வைத்துவிட்டு, எனக்கென்ன தெரியும் என்று வேலியோரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தாள் கள்ளி.

போன வருஷமும் இப்படித்தான். நாங்கள் தேடிப் போவதற்குள் பிணந்தின்னிக் கழுகுகள் முந்திக்கொண்டன. தொண்டை கட்டும்வரை அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. இன்றைக்கும் வேலிக் கட்டைகளில் அதுகள் வந்து உட்கார்ந்துவிட்டன. எப்படித்தான் மோப்பம் பிடிக்குமோ, பாழாய்ப் போனதுகள்!

என் வீட்டுக்காரர் நிக்கனோரும் கொழுந்தன் வில்பெர்த்தும் கம்பும் கையுமாக மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கப் போனார்கள்.

"நில்லுங்க! உள்ள காலை வெச்சீங்க, அவ்வளவுதான்!" என்று கத்தினேன்.

"ஏன் அண்ணி, முள்ளு குத்திடுமா?" என்று வில்பெர்த் சிரித்தான்.

எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பாதிக்கு மேல் தொட்டாற்சுருங்கி. தூங்குமூஞ்சி என்று நாங்கள் ஏசுகிற செடி.

"நீங்க மிதிச்சா எல்லா இலையும் மூடிக்கும். அப்புறம் கன்னு அசைஞ்சு மூடினது எதுன்னு எப்படித் தெரியும்? காத்துகூட இல்ல. இங்கயே நின்னு பாருங்க."

"இலையப் பாத்துக் கன்னு பிடிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

"காலையில நீ மாட்டுப் பின்னாலயே போனியே, என்னாச்சு? ஆத்தங்கரை வரைக்கும் இழுத்துட்டுப் போய் உனக்கு அல்வா குடுத்துட்டு வந்துச்சு!"

நிக்கனோர் கம்பைக் கீழே போட்டார்.

வெயில் ஏறியது. நிலம் முழுக்க இலைகள் விரிந்து பச்சையாகக் கிடந்தன. மூடிய இடம் ஒன்றுகூட இல்லை. அசையாமல் படுத்திருக்கும் கன்றுக்கு இலை மூடாது. செத்த கன்றுக்கும் மூடாது.

ஒரு கழுகு கட்டையிலிருந்து தரையில் குதித்தது.

"போச்சு அண்ணி, விட்டுடுங்க" என்றான் வில்பெர்த். இப்போது அவன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். கொய்யா மரத்துக்கு இந்தப் பக்கம், கழுகு நின்ற இடத்துக்கு வெகு தள்ளி, ஒரு காம்பு மடங்கித் தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கையகல இடம் முழுக்க இலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொண்டன.

செருப்பு எங்கே கழன்றதோ தெரியாது, ஓடினேன். முள் கிழித்தது. கன்று சுருண்டு படுத்திருந்தது. ஈயை விரட்ட ஒற்றைக் காதை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"இருக்குங்க! உசுரோட இருக்கு!"

காலையிலிருந்து ஒன்றும் தெரியாதவள்போல் மேய்ந்த மொரேனா பாய்ந்து வந்து என்னை முட்டித் தள்ளினாள். முட்செடிமேல் மல்லாந்து விழுந்தேன். கண்ணில் நீர் கொட்டியது, சிரிப்பும் வந்தது.

"முட்டுடி என் தாயே, நல்லா முட்டு! போன வருஷம் முட்டிக் காப்பாத்த உனக்குக் கன்னே இல்லாமப் போச்சே!"