பெற்றோர் கையொப்பம்

"ஒரு பிள்ளையின் எதிர்காலம் பெற்றவனின் கையெழுத்தில் இருக்கிறது!" இந்த மகத்தான உண்மையை உலகத்துக்கு முதலில் சொன்னது யாரென்று தெரியாது. ஆனால் அதிக தடவை சொன்னவர் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த அப்பாதுரைதான். விழுப்புரத்தில் இரண்டு முறை, ஓமந்தூரில் மூன்று முறை, பெருமுக்கலில் மைக் கெட்டுப்போனபோதும் விடாமல் ஒரு முறை.

ஆண்கள் பள்ளி ஒன்றுக்குக் கூரை போட்டுக் கொடுத்ததால் அதன் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு அவர்தான் தலைவர். அவருக்கு மகன் கிடையாது. ஒரே மகள் அம்சவள்ளி பெண்கள் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை அவர் 1986 ஜூன் மாதம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அன்றைக்கு பிளஸ் டூ மார்க் ஷீட் கொடுத்தார்கள். மகளை டாக்டராக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். டாக்டரின் அப்பாவே நேரில் போய் வாங்கினால்தான் மரியாதை என்று கஞ்சி போட்ட வேட்டியும் ஜரிகைத் துண்டுமாகப் புறப்பட்டார். அம்சவள்ளி பத்தடி பின்னால் வந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று பேசினார். அவளிடம் மட்டும் பேசவில்லை. சொந்த மகளிடம் பேச என்ன இருக்கிறது?

தலைமையாசிரியை சவுரியம்மாள் பதிவேட்டை நீட்டினார். அப்பாதுரை பேனாவைத் திறந்து, சிங்கம் வாலைச் சுழற்றுகிற மாதிரி இங்கிலீஷில் ஒரு கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் அதையும் மேஜைமேல் இருந்த பழைய பிராகிரஸ் கார்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்னா வேணுங்க?"

"என்னாங்க இப்டிக் கேக்கறீங்க? அப்பங்க!"

"அவங்க அப்பா கையெழுத்து எங்களுக்கு ஏழு வருசமாப் பழக்கம். அது இது இல்லீங்களே."

கார்டுகளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் குண்டு குண்டாகத் தமிழில் 'ப. அப்பாதுரை'. ஆறாம் வகுப்பில், மனைவி தையல்நாயகி செத்துப்போன வருடத்தில் ஆரம்பித்து, ஒரு மாதம் தவறவில்லை. மற்ற அப்பாக்கள் காலியாக விட்டுவிடுகிற 'பெற்றோர் குறிப்பு' கட்டத்தையும் இந்த அப்பா விடவில்லை.

'வரலாறு பூகோளத்தில் எழுபத்தெட்டு. சபாஷ் கண்ணு.'

'காய்ச்சலோடு எழுதினாய். பரவாயில்லை, அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம்.'

'நீ போட்ட மேப் அழகாக இருந்தது. அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.'

"என் சர்வீஸ்ல இவ்ளோ அக்கறையான அப்பாவ நான் பாத்ததே இல்லீங்க" என்றார் சவுரியம்மாள். "ஒரு நாளாவது அவர நேர்ல பாத்துடணும்னு டீச்சருங்க எல்லாம் பேசிக்கினு இருப்போம்."

அப்பாதுரைக்கும் அந்த அப்பாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. காய்ச்சலா? எப்போது? தேதியைப் பார்த்தார். விழுப்புரத்தில் 'பெற்றோர் கடமை' பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய வாரம்.

ஏதாவது பிடி கிடைக்குமா என்று மார்க் ஷீட்டைப் புரட்டினார். "பயாலஜி மார்க்கு எங்கீங்க?"

"வரலாறு, பூகோளம் எடுத்த புள்ளைக்கு ஏதுங்க பயாலஜி? நீங்கதான கையெழுத்துப் போட்டு அந்த குரூப்ல சேத்தீங்க?"

ஜன்னலோரம் நின்ற அம்சவள்ளி தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சவுரியம்மாள் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மேஜை டிராயரிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார்.

"மெட்ராஸ்ல பி.எஸ்சி. பூகோளம். நாளைக்குக் கடைசி நாளு. எல்லாத்தையும் ரொப்பிட்டு, அப்பா கையெழுத்த மட்டும் வுட்டுட்டு எங்கிட்டயே குடுத்து வெச்சிருக்குது. ஏன்னு இப்பத்தான் புரியுது."

அப்பாதுரையின் மேடைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "எல்லாத்துலயும் நீயே போட்டியேம்மா. இதுல மட்டும் ஏன் போடல?"

"இத நெஜமா நீங்க போடணும்னு இருந்துச்சிப்பா." அம்சவள்ளி தாவணி முனையை விரலிலிருந்து விட்டாள். "மொதக் கார்ட ஒங்ககிட்டதான் எடுத்துக்கினு வந்தேன். பேச்ச மனப்பாடம் பண்ணிக்கினு இருந்தீங்க. அப்பறம் வான்னீங்க."

அந்த அப்பறம் ஏழு வருடம் கழித்து வந்திருந்தது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க" என்றார் சவுரியம்மாள். "புள்ளய என்னாவா ஆக்கப் போறோம்னு ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி, அது என்னாவா ஆவணும்னு நெனைக்குதுன்னு பக்கத்துல ஒக்காந்து கேளுங்க. கேட்டுட்டுக் கூட நில்லுங்க. பெத்தவங்க செய்யற ஒத்தாச அவ்ளோதான். மத்ததெல்லாம் வெறும் மைக்கு."

அதோடு ஒரு சிக்கலையும் சொன்னார். விண்ணப்பத்துக் கையெழுத்தைப் பள்ளிக் கார்டோடு ஒத்துப் பார்த்து அவர் சான்று தர வேண்டும். கார்டில் இருப்பது அப்பா போட்டதில்லை என்று எழுதினால், அம்சவள்ளியின் நன்னடத்தைச் சான்றிதழ் கெட்டுப்போகும்.

"ஒத்துப்போற மாதிரி நீங்களே போட்டீங்கன்னா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கூரை கட்டிய தலைவர் பெண்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து, பழைய நோட்டில் அவருடைய பெயரை எழுதிக் காட்டினாள்.

"குண்டாப் போடுங்கப்பா. வால் வேணாம்."

"தானா வருதேம்மா."

நாலாவது தடவையும் வால் வந்தது. "ஆமா, பூகோளம் படிச்சா என்னா வேல குடுப்பான்?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"மேப் போடற வேல இருக்குதுப்பா. மலையெல்லாம் அளந்து வரையலாம். பெருமுக்கல் மலயக்கூட."

'அத அளந்து என்னா பண்றது' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினார். "எப்டி அளப்பாங்க? சொல்லு" என்றார்.

அம்சவள்ளி சந்தேகமாக அவரைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் குறுக்கே பேசவில்லை. பதினேழாவது கையெழுத்து ஒத்துப்போயிற்று.

ஜூலையில் அவள் மெட்ராஸ் பஸ் ஏறினாள். மண்டியிலிருந்து திரும்பினால் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரில் தையல்நாயகியின் படம். பேச ஆளில்லை. இந்த வீட்டில் ஏழு வருடம் அவளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்கு உறைத்தது. விழுப்புரத்திலிருந்து கூட்டத்துக்குக் கூப்பிட வந்தவர்களை, "வேற ஆளப் பாருங்க, எனக்கு எழுதற வேல இருக்குது" என்று திருப்பி அனுப்பினார்.

முதல் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருப்பதாக மகள் எழுதியிருந்தாள். பதில் எழுத ஒரு போஸ்ட் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசக்கூடியவருக்கு 'சபாஷ் கண்ணு' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

அதுவும் அவள் எழுதியதுதான்.