கயிற்று வீட்டில் பால் காய்ச்சியது

கனகலிங்கம் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். புது வீட்டின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவர், அது கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்று எழுதவில்லை. "ஞாயிறு பத்து மணிக்கு வீடு பார்க்கப் போறம், ஏலுமெண்டால் வாங்கோ" என்று மட்டும் எழுதி, கும்பிடும் கை இரண்டைப் பக்கத்தில் வைத்துவிட்டார். படத்தில் வெள்ளைச் சுவர் இருந்தது, சாம்பல் நிறத் தகரக் கூரை இருந்தது, ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடி இருந்தது. வாசற்படியில் கூரையின் நிழல் விழுந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். நாயைக்கூட வரையலாம் என்று ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற அவருடைய அக்கா சுவர்ணாவுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

ஆகவே ஞாயிறு காலை, லண்டனின் கிழக்கு ஓரத்தில், புல்வெளியை ஒட்டிய அந்த ஒழுங்கையில் பதினொரு கார்கள் வரிசையாக வந்து நின்றன. பட்டுச்சேலைகள் இறங்கின. வேட்டிகள் இறங்கின. பளபளப்பான தாள் சுற்றிய பெட்டிகள் இறங்கின. இறங்கிய எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க வானம்தான் இருந்தது. அதற்குக் கீழே வெறும் நிலம், தரையில் அடித்த நாற்பது ஐம்பது மரமுளைகள், அவற்றைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் கட்டிய மஞ்சள் கயிறு.

கனகலிங்கத்தின் மனைவி சிவமலர் தங்கள் காரின் முன் சீட்டில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. கழற்றுவதாகவும் இல்லை. ஆனால் சுவர்ணா மச்சாளின் முகத்தைக் கண்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊதாப் பட்டு, இரண்டு வடச் சங்கிலி, இடுப்பில் அணைத்த புதுப் பானை. பானைக்கு மேலே, பஸ்ஸைத் தவறவிட்ட ஆளின் முகம்.

"தம்பி, வீடு எங்கையடா?"

"இதுதான் அக்கா." கனகலிங்கம் கயிற்றைக் காட்டினார்.

"எது?"

"இது விறாந்தை. அது ஹோல். அங்காலை சாமியறை."

சுவர்ணா கயிற்றைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். "விசரோடா உனக்கு? நான் கோயில் ஐயரிட்டைக் கேட்டு நாள் பார்த்து வந்திருக்கிறன். பத்தே முக்காலிலையிருந்து பதினொண்டரை மட்டும்தான் நல்ல நேரம்."

இரண்டு வருடத்துக்கு முன் ஜூலை மாதத்தில், லண்டனில் நாற்பது பாகை வெயில் அடித்த ஒரு நாளில், இந்த நிலத்தில் நின்ற வீடு எரிந்தது. பின்னால் இருந்த காய்ந்த புல்வெளியில் தொடங்கிய நெருப்பு மரவேலிக்குத் தாவியது. வேலியிலிருந்து கொட்டிலுக்கு, கொட்டிலிலிருந்து கூரைக்கு. மொத்தம் இருபது நிமிடம். சிவமலர் அப்போது ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் இரவு ஷிப்ட் செய்துவிட்டு வந்து திரைச்சீலையை இழுத்து மூடி உறங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மோரீன் கதவை உதைத்திருக்காவிட்டால் உறங்கியபடியே போயிருப்பாள். தெருவில் வந்து நின்று பார்த்தபோது கையில் டிவி ரிமோட் இருந்தது. தாலிக்கொடி, பாஸ்போர்ட், கலியாண ஆல்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனித மூளை எதைத் தூக்குகிறது பாருங்கள். அந்த ரிமோட் இப்போதும் வெம்பிளி வாடகை வீட்டின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, பற்றரியோடு.

அதற்குப் பிறகு அவளுக்குப் பகலில் உறக்கம் வரவில்லை. இரவு வேலையை விட்டாள். நெருப்பையும் விட்டாள். வாடகை வீட்டில் கரண்ட் அடுப்பு. சாமிப்படத்துக்கு முன் பற்றரி விளக்கு. கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் பின்வரிசைக்குப் போய்விடுவாள். யாராவது ஏன் என்று கேட்டால், "கண் எரியுது" என்பாள். இந்த நிலத்தை வித்துவிடலாம் என்று அவள் சொன்னாள். கட்டலாம் என்று கனகலிங்கம் சொன்னார். நிலம் இருவர் பெயரிலும் இருந்தது. கட்ட அனுமதி கேட்டுக் கவுன்சிலுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அவருடையது போன மாதமே விழுந்துவிட்டது. அவளுடைய கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.

வீட்டை வரைந்தவள் மஹதி. கோயம்புத்தூர்ப் பெண், ஸ்ட்ரெதமில் இருக்கிறாள், கட்டட வடிவமைப்பாளர். முதல் நாளே, "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். "எரியாத வீடு" என்று சிவமலர் சொன்னாள். அதோடு அந்தப் பெண் ஓடிப்போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். மஹதி அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய், மூன்று வாரத்தில் எரியாத வீட்டை வரைந்து வந்தாள். செங்கல் சுவர், தகரக் கூரை, காற்றுத் துளைகளில் தணல் நுழையாத கம்பிவலை, வீட்டைச் சுற்றி மூன்று காலடி அகலத்துக்குச் சரளைக்கல், மரவேலி கிடையாது, காஸ் குழாய் கிடையாது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிவமலருக்கு அதுதான் ஆத்திரம். பிறகு மஹதி ஒரு பேரம் பேசினாள். "நிலத்துல வீட்டை முழு அளவுல கயிறு கட்டிக் காட்றேன். ஒரே ஒரு தடவை வந்து நின்னு பாருங்க. பிடிக்கலைன்னா நானே அங்கிள்கிட்ட விக்கச் சொல்றேன்."

நின்று பார்ப்பது என்றால் காரை விட்டு இறங்க வேண்டும். பேரத்தில் அந்த விஷயத்தைச் சிவமலர் கவனிக்கவில்லை.

வெளியே கூட்டம் ஏமாற்றத்தை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டது. ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி வந்தவர்கள் சும்மா திரும்பமாட்டார்கள். பெட்டிகளை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். "ஹோலிலை வையுங்கோ" என்றார் கனகலிங்கம். உடனே எல்லோரும் கயிற்று வாசலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் யோசிக்கவில்லை. நாற்பது சோடி செருப்பு ஈரப் புல்லில் கிடக்க, நாற்பது பேர் வெறுங்காலோடு சேற்றுக்குள் போனார்கள். மஹதி மட்டும் பூட்ஸோடு உள்ளே நின்றாள். எல்லோரும் அவளுடைய காலைப் பார்க்கத் தொடங்கியதும், தான் வரைந்த வீட்டை விட்டு வெளியே வந்து, குந்தியிருந்து நாடாவை அவிழ்த்தாள்.

பரிசுகள் ஹோலில் குவிந்தன. தாளைப் பிரிக்காமலே தெரிந்தது: நான்கு சுவர்க் கடிகாரம், ஆறு குத்துவிளக்கு. மாட்டச் சுவரும் இல்லை, ஏற்ற மனமும் இல்லை. காருக்குள் இருந்த சிவமலர் கண்ணாடியைச் சற்று இறக்கினாள். பேச்சுக் கேட்டது.

"குளியலறை பெரிசு."

"அது குளியலறையில்லை, படி."

"மேல்வீடும் இருக்கோ? கயிறு இல்லையே!"

"மேலை கயிறு கட்ட ஆகாயத்திலை முளை அடிக்கிறதோ மாமா?"

சுவர்ணா பானையோடு வீட்டைச் சுற்றி வந்தாள். சாமியறையைப் பார்த்தாள். தலையாட்டினாள். அங்கிருந்து குசினிக்குப் போக நினைத்து, சேலையை ஒரு கையால் உயர்த்தி, கயிற்றுக்குக் கீழே குனிந்து மறுபக்கம் வந்தாள்.

"மச்சாள்!"

எல்லோரும் திரும்பினார்கள். சிவமலர் காருக்கு வெளியே நின்றாள். சீட் பெல்ட்டை எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது.

"அது சுவர். சுவருக்குள்ளாலை வாறீங்கள். வாசலாலை வாங்கோ."

 சிரிப்பு வெடித்தது. சுவர்ணா சிரிக்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்ட ஆளின் மரியாதையோடு மறுபடியும் குனிந்து, சாமியறைக்குத் திரும்பிப் போய், வாசலால் வெளியேறி, ஹோலைச் சுற்றி நடந்து குசினிக்கு வந்தாள்.

"இப்ப சரியோ, வீட்டுக்காரி?"

சிவமலர் காரை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். ஒழுங்கைக்கும் கயிற்றுக்கும் நடுவே நின்றாள். காற்று புல்வெளியிலிருந்து வந்தது. புல் இப்போது பச்சை. மே மாதத்துப் புல், மழை குடித்த புல். அது காய்ந்தால் எப்படிச் சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியும். கனகலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சமாதானம் பேசத் தெரியாத மனிதர். "வாருமப்பா" என்றார். அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றினாள். நாற்பத்தோராவது சோடி. நிலம் குளிர்ந்திருந்தது. அதைக் கால் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

விறாந்தை நல்லது. ஹோல் நல்லது. சாமியறைக்குக் கிழக்கு வெளிச்சம் வந்தது. குசினியில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். வலது கை கயிற்றைத் தாண்டி ஹோலுக்குள் போனது.

"மஹதி, இதுக்குள்ளை ரெண்டு பேர் நிண்டு சமைக்க ஏலாது."

"ஆன்ட்டி, அது ஸ்டாண்டர்ட் சைஸ்தான்."

"இவையைப் பாரும்." சிவமலர் கூட்டத்தைக் காட்டினாள். "இதிலை ஆர் ஸ்டாண்டர்ட்?"

மஹதி கூட்டத்தைப் பார்த்தாள். சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். சிவமலர் முளை இரண்டைப் பிடுங்கினாள். ஓர் அடி தள்ளினாள், போதாது என்று இன்னும் ஓர் அடி தள்ளினாள், தானே அடித்து இறக்கினாள். கயிறு இழுபட்டது. ஹோல் இரண்டடி சுருங்கியது. "கடிகாரம் வைச்ச இடம் குசினிக்குள்ளை வந்திட்டுது" என்று யாரோ கத்தினார்கள். பெட்டிகளைத் தள்ளி வைத்தார்கள்.

"மணி பதினொண்டு பத்து" என்றாள் சுவர்ணா. காரிலிருந்து சின்ன காஸ் அடுப்பைக் கொண்டுவந்து குசினியின் நடுவே, பழைய வீட்டில் மிஞ்சிய சீமெந்துக் கல்லின் மேல் வைத்தாள். பானையை ஏற்றினாள். பாலை ஊற்றினாள். யாரும் சிவமலரைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதை நாற்பது பேர் சேர்ந்து செய்தால் அது மிகப் பெரிதாகத் தெரியும்.

"மச்சாள், உமக்கு விருப்பமில்லையெண்டால் பாலைப் பச்சையாக் குடிச்சிட்டுப் போறம்" என்றாள் சுவர்ணா, தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கொண்டும் இல்லை."

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. மோரீன் வந்தாள். எழுபது வயது, வீட்டு உடை, கையில் பச்சைத் தோட்டக் குழாய். அடுப்பைத் தன் ஜன்னலால் பார்த்திருக்கிறாள். எல்லையில் வந்து நின்று, குழாயின் வாயை அடுப்புக்கு நேரே பிடித்து, நீங்கள் என்ன செய்கிறீர்களோ செய்யுங்கள், நான் தயார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சிவமலருக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடங்கவில்லை.

சுவர்ணா லைட்டரைத் தட்டினாள். காற்று அணைத்தது. மறுபடி தட்டினாள். குனிந்ததில் ஊதா முந்தானை தோளிலிருந்து வழுகி அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கியது.

"சீலையைப் பிடியுங்கோ! பிடியுங்கோ எண்டிறன்!" சிவமலர் இரண்டே எட்டில் போய் முந்தானையை இழுத்துச் சுவர்ணாவின் இடுப்பில் செருகினாள். லைட்டரைப் பறித்தாள். "பட்டுச் சீலையோடை அடுப்புப் பத்த வைக்க வாறதோ? தள்ளி நில்லுங்கோ."

லைட்டர் இப்போது அவள் கையில் இருந்தது. அதை அவளும் பார்த்தாள்.

கனகலிங்கம் மஹதியின் பெரிய வரைபட அட்டைகளை எடுத்து விரித்து, அடுப்பைச் சுற்றிக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தார்.

"அதை ஏன் இவ்வளவு கிட்டப் பிடிக்கிறீங்கள்? பிளான் எரிஞ்சிடும். இன்னும் தள்ளி."

அவர் தள்ளினார்.

"மஹதி, இந்தப் பேப்பரிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன். குசினி மாறியிட்டுது. வேறை கீறிக்கொண்டு வா."

"நாளைக்கே கொண்டு வரேன் ஆன்ட்டி" என்றாள் மஹதி. அவளுடைய ஒரு காலுறை சேற்றில் புதைந்திருந்தது.

சிவமலர் முழந்தாளிட்டாள். முதல் தட்டில் பொறி மட்டும். இரண்டாவது தட்டில் நீலமாக ஒரு வட்டம் எழுந்து நின்றது, சின்னது, உள்ளங்கை அளவு. அவள் எழும்பவில்லை. ஒரு கை அடுப்பின் திருகிலேயே இருந்தது. பால் முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஓரத்தில் குமிழி கட்டியது, ஆடை சுருங்கியது, நடுவில் ஒரு மூச்சுப்போல உயர்ந்தது. எந்தப் பக்கம் வழியும் என்று பார்க்க நாற்பது பேரும் கயிற்றுச் சுவர்களில் சாய்ந்து எட்டினார்கள். முளைகள் முனகின. மோரீன் குழாயை இறுகப் பிடித்தாள். வெள்ளை விளிம்புவரை வந்து, விளிம்பைத் தாண்டி, விழாமல் ஒரு கணம் அப்படியே நின்றது. சிவமலரின் விரல் திருகில் இருந்தது. அவள் இன்னும் திருப்பவில்லை.