புத்தகத்தில் இல்லாத எண்

பென்ஸின் பொனட் மூன்றாம் தடவையும் மூடவில்லை. பொருத்திய வேன் எஞ்சின் அரை அங்குலம் உயரமாக இருந்தது. மெக்கானிக் இராசமணி பொனட்டின் உட்தகட்டை வெட்டியெடுத்துவிட்டு அழுத்தினான். மூடிக்கொண்டது. இரண்டு வாரமாக வளைந்தே நின்ற முதுகை நிமிர்த்தத்தான் நேரம் பிடித்தது.

கார் தர்மராசாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரைவிட்டுப் போன தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய பழைய கார். அதன் பெற்றோல் எஞ்சினுக்கு இனி உதிரிப்பாகம் கிடைக்காது என்பதால்தான் இந்த வேன் எஞ்சின்.

"ஐயா, காரோட பதிவுப் புத்தகத்துல பழைய எஞ்சின் நம்பர்தான் இருக்கு. கொழும்புல நம்பர மாத்திப் பதிஞ்சிட்டு ஓட்டுங்க. சண்டை நடக்குற இந்தத் தொண்ணூத்தேழுல, அதுவும் நம்ம தமிழாளுங்கள, செக்பொயின்ற்ல சும்மா விட மாட்டானுங்க."

"வியாழக்கிழமை கண்டி ஆஸ்பத்திரியிலை மனிசிக்கு முதுகு ஒப்பரேசன். பஸ்சிலை அவவாலை இருக்கேலாது. இந்தத் திகதியை விட்டா பிறகு எப்ப கிடைக்குமோ தெரியாது, இராசமணி."

அவன் சாவியைக் கொடுத்துவிட்டான்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கராஜுக்குத் தொலைபேசி வந்தது. வெலிமடைப் பாதையில் சோதனைச் சாவடிக்குப் பக்கத்துக் கடைக்காரர் பேசினார். எண் பொருந்தாததால் தர்மராசாவைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அவர் மனைவி பின்சீற்றில் படுத்தபடி முனகுகிறாராம். முதலாளி புவாத் கொழும்புக்குப் போயிருந்தார். வேன் எஞ்சின் வாங்கிய ரசீது, அதன் எண்ணோடு, மேசை லாச்சிக்குள் இருந்தது.

இராசமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அடையாள அட்டை கிடையாது. தோட்டத் தொழிலாளியான அப்பாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் முடிவாகாமல் போனதோடு நின்றுபோன விஷயம் அது. அவனிடம் இருந்ததெல்லாம் ஸ்பிரிங்வெளித் தோட்ட அலுவலகத்தின் கடிதம் ஒன்றுதான். போன வருடம் பொலிஸ் சுற்றிவளைப்பில் அந்தக் கடிதம் இருந்தும் இரண்டு நாள் உள்ளே அடைபட்டிருந்தான். வேறு யாரையாவது அனுப்பலாமா என்று யோசித்தான். யாரும் இல்லை. பஸ் ஏறினான்.

சாவடிப் பொறுப்பதிகாரி ரசீதையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். இராசமணி சட்டை நுனியால் எண்ணைத் துடைத்துக் காட்டினான். எண் ரசீதோடு பொருந்தியது. யார் மாற்றியது என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றான். அட்டையைக் கேட்டார். கடிதத்தை நீட்டினான்.

அதிகாரி அதை மடித்துத் தன் பையில் வைத்தார். பிறகு, கார் போகலாம், முதலாளி வந்து சொல்லும்வரை இவன் இங்கே இருக்கட்டும் என்றார்.

தர்மராசா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். "உம்மை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"அம்மா வலியில கெடக்குறாங்க. போங்கய்யா. மேட்டுல கிளச்ச மெதுவா விடுங்க."

அவர் பின்சீற்றை ஒருமுறை பார்த்தார். காரில் ஏறினார்.

கான்ஸ்டபிள் காட்டிய வாங்குப் பலகையில் இராசமணி உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் கால்கள் எவ்வளவு களைத்திருக்கின்றன என்று தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் வெள்ளைக் கார் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. புறப்படும்போது போட்ட வலது பக்கச் சிக்னலை அவர் அணைக்க மறந்திருந்தார். வளைவுக்குள் மறையும்வரை அது விட்டுவிட்டு எரிந்துகொண்டே போயிற்று.